பூண்டும் ஒரிகானோ எண்ணெயும் குடல் கிருமியைக் கொல்லுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை காய்ச்சலும் பேதியுமாகப் படுத்துவிட்டேன். மலப் பரிசோதனையில் முதல் தடவை சால்மோனெல்லா, அடுத்த தடவை கேம்பிலோபாக்டர் என்று வந்தது. இரண்டு தடவையும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். இனி அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று தோன்றுகிறது. பூண்டு, ஒரிகானோ எண்ணெய், மரமஞ்சள் போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் பெர்பெரின் கேப்ஸ்யூல் இவற்றைத் தினமும் எடுத்தால் மறுபடி வராமல் தடுக்க முடியுமா? வந்தால் இவற்றாலேயே சரியாகுமா? சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு மட்டும் இரண்டு வருடமாகத் தினமும் ஒமிப்ரசோல் போடுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பூண்டும் இல்லை, பெர்பெரினும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் ஒமிப்ரசோல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நீங்கள் தேடுகிற இயற்கையான கிருமிநாசினி ஏற்கெனவே உங்கள் இரைப்பையில் ஊறிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் இந்த மாத்திரை தினமும் அடக்கி வைக்கிறது.

வெறும் வயிற்றில் இரைப்பை அமிலத்தின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும். சாப்பாட்டோடும் தண்ணீரோடும் உள்ளே போகிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அதிலேயே செத்துப்போகும். ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் அந்த அளவைப் பல மணி நேரத்துக்கு 4-க்கு மேலே தூக்கி வைத்திருக்கும். நெஞ்செரிச்சல் அதனால்தான் அடங்குகிறது, ஆனால் அதே வழியில் கிருமிகளும் உயிரோடு குடலுக்குள் இறங்கிவிடுகின்றன. இந்த மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறவர்களுக்கு சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் தொற்றுகள் கூடுதலாக வருவதை ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்ததும் அதே இரண்டும்தான். மாத்திரை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, கிருமி சாப்பாட்டிலிருந்துதான் வந்திருக்கும். ஆனாலும் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் 'இது இன்னும் எனக்குத் தேவையா' என்று கேளுங்கள். நீங்களாகவே நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம், திடீரென்று விட்டால் அமிலம் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சுரந்து பாடாய்ப்படுத்தும். இரைப்பைப் புண் வந்தவர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து போடுகிறவர்கள் சிலருக்கு இது அவசியமான மருந்து.

சரி, பூண்டுக்கு வருவோம். பூண்டை நசுக்கும்போதுதான் அல்லிசின் உருவாகிறது. முழுப் பல்லில் அது கிடையாது, நசுக்காமல் அப்படியே வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதி செத்துவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த ஈ.கோலை, சால்மோனெல்லா மேல் அல்லிசினை விட்டால் கொல்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தட்டு வேறு, வயிறு வேறு. தட்டில் மருந்து கிருமியின் மேல் நேராக, அடர்த்தியாக விழுகிறது. வயிற்றிலோ சாப்பாட்டோடு கலந்து, நீர்த்து, சீக்கிரமே சிதைந்தும் போகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தட்டில் பூண்டு நன்றாகவே தடுக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்தக் கிருமி வயிற்றில் இருந்த ஆட்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளிவந்த ஆய்வு அது. சாப்பாட்டோடு 10 பல் பச்சைப் பூண்டை நறுக்கிக் கொடுத்தார்கள், கிருமி அசையவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த பிஸ்மத் மாத்திரை மட்டும்தான் வேலை செய்தது. (10 பல்லைத் தின்ற அந்த ஆட்களின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.)

ஒரிகானோ எண்ணெயில் இருக்கும் கார்வக்ரால் பாக்டீரியாவின் மேல்சவ்வையே ஓட்டையாக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த எண்ணெய் அடர்த்தியாக இருந்தால் உங்கள் வாயையும் உணவுக்குழாயையும்கூட எரிக்கும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருக்கிற உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்டதில் பெர்பெரினுக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 1987-இல் வங்காளதேசத்தில் நடந்த ஆய்வில், நச்சு சுரக்கும் ஈ.கோலையால் பேதி வந்தவர்களுக்கு ஒரே வேளை 400 மில்லிகிராம் கொடுத்ததும் மலத்தின் அளவு நன்றாகவே குறைந்தது. காலரா நோயாளிகளுக்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஈ.கோலை பேதியிலும் கிருமியைக் கொன்றதைவிட, நச்சு குடலிலிருந்து நீரை இழுப்பதைக் குறைத்ததுதான் நடந்திருக்கிறது. உங்களுக்கு வந்த இரண்டும் வேறு கதை, அவை குடல் சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்குபவை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பெர்பெரினைத் தொடவே கூடாது, பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் மஞ்சள் காமாலை உண்டாக்கும் பிலிருபினை ஏற்றிவிடும். வேறு பல மருந்துகளோடும் அது மோதும். நோய் எதுவும் இல்லாதபோது தடுப்புக்கென்று தினமும் இதை விழுங்குவதை நான் ஏற்கமாட்டேன். கிருமியைக் கொல்லும் அளவுக்கு அதற்குச் சக்தி இருந்தால் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

அந்த நல்ல பாக்டீரியாக்கள்தான் உங்களுடைய இரண்டாவது காவல். அவை நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அமிலங்களை உண்டாக்கும், பித்த உப்புகளை மாற்றி கெட்ட கிருமி தலைதூக்காமல் தடுக்கும். ஆன்டிபயாடிக் இவற்றையும் சேர்த்து அழிக்கிறது என்பதால் உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு வரும் சாதாரண சால்மோனெல்லா பேதிக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவையே இல்லை, போட்டாலும் நோய் சீக்கிரம் போகாது, கிருமி மலத்தில் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கவும் செய்யும். ஷிகா நச்சு சுரக்கும் ஈ.கோலை என்றால் ஆன்டிபயாடிக் சிறுநீரகத்துக்கே ஆபத்தாகலாம். ஆனால் கடும் கேம்பிலோபாக்டர், ஷிகெல்லா, காலரா, டைஃபாய்டு இவற்றுக்கு அது வேண்டும், டைஃபாய்டுக்குத் தவறினால் உயிர் போகும். அப்புறம், 'இயற்கை' என்றால் பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, சி.டிஃபிசில் குடல் தொற்றுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் வான்கோமைசின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்பதைவிட எந்தக் கிருமிக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்து கொடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மறுபடி பேதி வந்தால் முதல் மருந்து ஓஆர்எஸ். பாக்கெட் கையில் இல்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கி, ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர் குடியுங்கள். உப்பு கூடினால் கெடுதல், அளந்தே போடுங்கள். காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை போடாதீர்கள். மலத்தில் ரத்தம், 39 டிகிரியைத் தொடும் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுந்தால் தலைசுற்றல், மூன்று நாளாகியும் குறையாத பேதி, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்த பிறகு ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பது நல்லது.

தடுப்புக்கு, கோழி இறைச்சியை உள்ளே சிவப்பு இல்லாமல் வேகவையுங்கள், பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் காய் நறுக்காதீர்கள். பச்சைக் கோழியைக் குழாயில் கழுவவும் வேண்டாம், தெறிக்கும் நீரில்தான் கேம்பிலோபாக்டர் பரவும். பூண்டைச் சமையலில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ருசிக்கு. தொற்று போன பிறகும் வயிறு உப்புவதும் அடிக்கடி போவதுமாக இருந்தால் கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது என்று முடிவுகட்டி கேப்ஸ்யூல் வாங்காதீர்கள். தொற்றுக்குப் பின் பத்தில் ஒருவருக்கு இப்படிக் குடல் எரிச்சல் பல மாதம் நீடிப்பதுண்டு, அதற்கு வைத்தியம் வேறு. அப்படி ஏதும் உங்களுக்கு இருக்கிறதா என்று எழுதவில்லை, இருந்தால் ஒமிப்ரசோல் பற்றிக் கேட்கப் போகும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.