பாலைவனத்தில் வளரும் சிறிய காட்டுப் பூச்செடிகளில் உங்களை மிகவும் வியக்க வைத்தது எது?

தெற்குக் கலிபோர்னியாவின் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவில் நான் பார்த்த கோஸ்ட் ஃபிளவர் செடியைத்தான் சொல்வேன். மொஹாவியா கன்ஃபர்டிஃப்ளோரா என்பது அதன் தாவரவியல் பெயர். நல்ல குளிர்கால மழை பெய்த ஆண்டுகளில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வறண்ட ஓடைப் படுகைகளிலும் சரளைச் சரிவுகளிலும் சாண் உயரத்துக்கோ சற்று மேலாகவோ வளர்ந்து, பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துவிடும் ஓராண்டுச் செடி இது.

அருகில் குனிந்து பார்த்தால்தான் இதன் அழகு பிடிபடும். வெளிர் மஞ்சள் இதழ்கள் வெயில் ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை; அவற்றின் ஓரங்கள் சீராக வெட்டப்படாமல் பிசிறு பிசிறாக இருக்கும். உட்புறமெங்கும் ஊதா கலந்த சிவப்புப் புள்ளிகள் இறைந்திருக்க, கீழிதழின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டுத் தெரியும்.

வியப்பு அந்தத் திட்டில்தான் இருக்கிறது. இந்தப் பூவில் தேன் கிடையாது. ஆனால் இதே மணற்பாங்கான இடங்களில் பூக்கும் மென்ட்ஸீலியா இன்வோலுக்ரேட்டா என்ற செடி தேனும் மகரந்தமும் தாராளமாகத் தருவது. ஸெராலிக்டஸ் என்ற வகைத் தேனீக்கள் அதை நாடியே வாழ்கின்றன. இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்றாலும், கோஸ்ட் ஃபிளவர் நிறத்திலும் கிண்ண வடிவிலும் மென்ட்ஸீலியாவைப் போலவே தோன்றுகிறது. போதாக்குறைக்கு, உள்ளே தெரியும் திட்டைப் பெண் தேனீ என்று எண்ணி ஆண் தேனீ நுழைவதாகவும், அப்போது உடலில் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்வதாகவும் ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஏமாற்று வேலைதான், ஆனால் அதிலும் ஒரு கட்டுப்பாடு இருப்பதாக எனக்குப் படுகிறது: தேன் தரும் பூ அக்கம்பக்கத்தில் போதிய அளவு இருந்தால்தானே தேனீ அங்கே வரும், வந்தால்தானே ஏமாறும்!

நம் தோட்டங்களில் வளர்க்கும் ஆன்டிரைனம் இதற்கு நெருங்கிய உறவு. அதில் நான்கு மகரந்தத்தாள்கள் உண்டு. கோஸ்ட் ஃபிளவரிலோ இரண்டு மட்டுமே மகரந்தம் தருகின்றன. மென்ட்ஸீலியாவின் நடுவில் மகரந்தத்தாள்கள் கொத்தாக நிற்கும் என்பதால், நேரில் பார்க்கும்போது குழப்பம் வந்தால் பூவின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். தேனீக்குப் பிடிபடாத வேறுபாடு நமக்கு உடனே பிடிபட்டுவிடும்.