மூளையின் இயக்கத்திலிருந்து பிரக்ஞை எப்படி உண்டாகிறது?

மூளையில் நடப்பதெல்லாம் மின்துடிப்பும் வேதிப்பொருள் பரிமாற்றமும்தான் என்றால், அதிலிருந்து "நான் பார்க்கிறேன், எனக்கு வலிக்கிறது" என்ற அனுபவம் எப்படிப் பிறக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

கையில் செருகிய ஊசி வழியாகக் குளிர்ச்சி முழங்கை வரை ஏறியது. நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். தொண்ணூற்றாறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அடுத்து ஒரு குரல் கேட்டது. முதலில் அது வெறும் ஓசையாக இருந்தது, பிறகு ஒரு பெயராயிற்று, அதற்கும் பிறகுதான் என் பெயராயிற்று. இடையில் மூன்று மணி நேரம் போயிருந்தது. தூங்கி எழுந்தால் நேரம் கழிந்திருக்கிறது என்ற உணர்வாவது மிஞ்சும். இங்கே அதுவும் மிஞ்சவில்லை. இத்தனைக்கும் அந்த மூன்று மணி நேரமும் என் மூளை உயிரோடு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே, மூளை இயங்குவது மட்டும் பிரக்ஞைக்குப் போதாது.

நரம்பணுக்களின் எண்ணிக்கையும் போதாது. மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. பெருமூளையின் வெளி அடுக்கான புறணியில் இருப்பவை சுமார் 1,600 கோடி. ஆனால் சிறுமூளையே இல்லாமல் பிறந்த சிலருக்கு நடையும் பேச்சும் தடுமாறினவே தவிர, காண்பதும் கேட்பதும் வருந்துவதும் அற்றுப்போகவில்லை. சிறுமூளையின் சுற்றுகள் பெரும்பாலும் ஒரே திசையில், தனித்தனியாக, இணையாக ஓடுபவை. புறணியிலோ ஒரு பகுதி அனுப்பும் செய்தி மற்றொரு பகுதிக்குப் போய், மூளையின் நடுவே செய்திகளைக் கைமாற்றும் தலாமஸ் வழியாகவும் நேராகவும் திரும்பி வந்து, அனுப்பிய இடத்தையே மாற்றுகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அப்படிக் கருதுவதற்கு வலுவான காரணம், மார்செல்லோ மாசிமினியும் ஜூலியோ டொனோனியும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட சோதனை. மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து ஒரு காந்தத் துடிப்பால் புறணியின் ஓரிடத்தைத் தட்டி, எழும் மின்னலைகளை அவர்கள் பதிவுசெய்தார்கள். விழித்திருப்பவரிடம் அந்தத் தட்டல் தொலைவிலுள்ள பகுதிகளுக்கும் பரவி, கிட்டத்தட்ட 300 மில்லி நொடிகள் வரை உருமாறிக்கொண்டே இருந்தது. கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் தொடக்க எதிர்வினை இன்னும் வலுவாகவே எழுந்தது. ஆனால் தட்டிய இடத்தைத் தாண்டாமல் சட்டென அடங்கியது. பின்னர் மயக்க மருந்துகளைக் கொண்டு செய்த சோதனைகளில், புரோபோஃபால் தரப்பட்டவர்களிடமும் இத்தகைய அடங்கலே காணப்பட்டது. கெட்டமின் தரப்பட்டவர்களோ வெளியுலகுக்கு எந்த அசைவும் காட்டாதபோதும், அவர்களின் மூளையில் அலைகள் விழிப்பைப் போலவே சிக்கலாகப் பரவின. தெளிந்த பிறகு நீண்ட கனவுகளைக் கண்டதாகச் சொன்னார்கள். வெளியே தெரியும் அசைவை வைத்து உள்ளே ஒருவர் இருக்கிறாரா என்று முடிவுசெய்யக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன். படுக்கையில் அசைவற்றுக் கிடக்கும் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு இது வெறும் தத்துவ விவாதமன்று.

இத்தனையும் சொன்ன பிறகும் உங்கள் கேள்வியின் பாதி அப்படியே நிற்கிறது. செய்திகள் இப்படிச் சுற்றி வரும்போது, அது ஏன் அனுபவமாகவும் இருக்க வேண்டும்? 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் "கடினமான சிக்கல்" என்று பெயரிட்டது இதைத்தான். செய்தி மூளை முழுவதற்கும் ஒலிபரப்பாவதே பிரக்ஞை என்பது ஒரு கோட்பாடு. தகவல் பிரிக்க முடியாதபடி ஒருங்கிணைவதே பிரக்ஞை என்பது மற்றொன்று. எந்தச் சூழலில் பிரக்ஞை இருக்கும் என்று கணிக்க இரண்டும் முயல்கின்றன. ஏன் இருக்கிறது என்ற இடத்தில் இரண்டுமே எனக்கு நிறைவளிக்கவில்லை. பிரக்ஞைக்குரிய நரம்பியல் அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று நரம்பியல் அறிஞர் கிறிஸ்டாஃப் கோக் 1998இல் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டியிருந்தார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு, பேசியபடி ஒயினைக் கொடுத்தார்.

அந்த ஓசை என் பெயராக மாறிய நொடியில் புறணியில் அலைகள் எங்கிருந்து எங்கே போயின என்பதை ஒரு கருவி வரைந்து காட்டியிருக்கும். அது எனக்குக் கேட்டது என்பதை அந்த வரைபடத்தின் எந்தக் கோட்டில் தேடுவது என்றுதான் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.