கதைகளில் ஆண்களின் நட்பைக் காதலாக வாசிப்பது தவறா? ஏன் இவ்வளவு சண்டை?

தவறில்லை. எழுதியவர் என்ன நினைத்தார், எழுத்து எதற்கு இடம் தருகிறது என்ற இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை. 1924இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனின் தொடையைக் குண்டு உரசிப் போகிறது. ஹோம்ஸ் பதறிப்போய், பேனாக்கத்தியால் அவர் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார், உதடுகள் நடுங்குகின்றன. இவ்வளவும் கதையிலேயே இருக்கிறது. அதைக் காதல் என்பதும் ஆழ்ந்த நட்பு என்பதும் நம் வாசிப்பு. "ஆசிரியரே அப்படித்தான் நினைத்தார்" என்றால் மட்டும் ஆதாரம் காட்ட வேண்டும்.

"நல்ல நட்பைக் கெடுக்காதீர்கள்" என்ற வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். காதல் என்ன களங்கமா?

ரசிகர் புனைவு (பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை) எழுதுகிறவர்களே, பாத்திரங்களின் பெயர்களுக்கு நடுவே போடும் குறியைக் கவனியுங்கள். 1970களில் ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தொடங்கிய வழக்கப்படி, அதன் நாயகர்களைக் கிர்க்/ஸ்பாக் என்று எழுதுவதுபோல் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல் கதை. நட்பு மட்டும் என்றால் இப்போது '&' போடுகிறார்கள். மாற்றிப் போட்டால், நட்பைத் தேடி வந்தவர் ஏமாந்து கோபப்படுவார்.