நான் கண்டெடுத்த கல் ட்ரைலோபைட்தானா, எந்த இனம் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ட்ரைலோபைட் என்பது கணுக்கணுவான ஓடு கொண்ட, எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் பிராணி. ஆனால் நான் செய்த வரிசையில் செய்துவிடாதீர்கள்.

நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகருக்குத் தெற்கே ஹாம்பர்க் என்ற ஊரில் பென் டிக்ஸி என்றொரு பழைய கல்குவாரி இருக்கிறது. ஒரு காலத்தில் சிமென்டுக்காகத் தோண்டிய இடம், இப்போது புதைபடிவப் பூங்கா. கட்டணம் கட்டி உள்ளே போனால் கிடைப்பதை வீட்டுக்கே எடுத்துவரலாம். அரை நாள் வெயிலில் குனிந்து சாம்பல் நிற ஷேல் பாறையை, அதாவது சேறு இறுகி அடுக்கடுக்காகப் பிளக்கும் பாறையைப் பிளந்து, உடைந்த சிப்பிகளாகவே பொறுக்கிக்கொண்டிருந்தேன். கிளம்பும் நேரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கறுப்பு உருண்டை காலில் தட்டுப்பட்டது. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதேதான், கல்லில்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு தவறுகள் செய்தேன். முதல் தவறு, படம் பார்த்துப் பெயர் வைத்தது. இங்கிலாந்தின் டட்லி ஊரில் கிடைக்கும் காலிமீன் என்ற ட்ரைலோபைட்டும் இப்படித்தான் சுருண்டிருக்கும். 'காலிமீன்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டாவது தவறு, ஒட்டியிருந்த மண் போகட்டும் என்று வினிகரில் ஊறப்போட்டது. ட்ரைலோபைட்டின் ஓடு கால்சைட், அதாவது சுண்ணாம்பு. அமிலத்தில் அது கரையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. குமிழி கிளம்பியதும் பதறி வெளியே எடுத்தேன். அதற்குள் இடது கண் மழுங்கிவிட்டது. தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சரியான வரிசை இதுதான். முதலில் பாறை, பிறகு உடல். டட்லி காலிமீன் சைலூரியன் காலத்தது, 42 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பென் டிக்ஸியின் ஷேல் டெவோனியன் காலத்தது, ஏறத்தாழ 38 கோடி ஆண்டு. இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தாலே என் சீட்டு கிழிந்திருக்கும். எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்பதைக் குறிக்காமல் எடுத்து வந்த கல்லுக்குப் பாதி அடையாளம் போய்விடுகிறது.

அடுத்தது உடல். 'மூன்று மடல்' என்ற பொருளுள்ள பெயரைக் கேட்டுத் தலை, நடு, வால் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நீளவாக்கில் நடுவே ஒரு முதுகு மேடு, இருபுறமும் ஒவ்வொரு மடல், இதுதான் மூன்று. அது இல்லையென்றால் ட்ரைலோபைட்டே இல்லை. பிறகு நடுவுடல் கணுக்களை எண்ணுங்கள். காலிமீனுக்குப் பொதுவாக 13, என்னுடையதில் 11. நெற்றிப் புடைப்பைப் பாருங்கள். காலிமீனுக்கு அது முன்னோக்கிக் குறுகும். என்னுடையதில் முன்னோக்கி அகன்று, மேலெல்லாம் பரு பருவாக, அசல் தவளை முகம். 1832இல் ஜேக்கப் கிரீன் என்ற ஆய்வாளர் இதற்கு 'ரானா' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை. லத்தீனில் ரானா என்றால் தவளை.

அதே குவாரியில் கிரீனாப்ஸ் என்ற இன்னொன்றும் கிடைக்கிறது. அதற்கும் கணு 11தான், ஆகவே எண்ணிக்கை மட்டும் கைகொடுக்காது. ஆனால் அதன் கன்னத்து மூலைகளில் முள் நீண்டிருக்கும், வால் விளிம்பிலும் முட்கள் உண்டு. என்னுடையது எல்லாப் பக்கமும் மழமழவென்று வட்டம். ஆக, எல்ட்ரெட்ஜியாப்ஸ் ரானா. பழைய நூல்களில் ஃபேகாப்ஸ் ரானா என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

புதுப் பெயர் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் என்ற ஆய்வாளரை நினைத்து 1990இல் வைத்தது. இவற்றின் கண்ணில் வில்லைகள் தனித்தனியாக, செங்குத்து வரிசைகளில் அமைந்திருக்கும். சாதாரணப் பூதக்கண்ணாடியிலேயே தெரியும். எல்ட்ரெட்ஜ் அந்த வரிசைகளை எண்ணினார். 18 வரிசை இருந்தது 17 ஆக மாறியது மெல்ல மெல்ல நடக்கவில்லை, நீண்ட காலம் மாறாமல் இருந்துவிட்டுச் சட்டென்று நடந்திருக்கிறது என்று கண்டார். 1972இல் ஸ்டீபன் ஜே கூல்டு என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து பரிணாமம் பற்றி அவர் எழுதிய பெயர்பெற்ற கட்டுரைக்கு இந்தத் தவளைமுகப் பிராணியின் கண் ஒரு முக்கியச் சான்று. இதைப் படித்துவிட்டுப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். வலது கண்ணில் 17. இடது கண் வினிகருக்குப் போயிற்று.

தலை மட்டும், வால் மட்டும் கிடைத்தால் சோர்ந்துவிடாதீர்கள். பாம்பைப் போல இவையும் சட்டை உரிப்பவை. நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி உரித்துப்போட்ட துண்டுகள்தான்.

உங்கள் கல் அரியலூர்ப் பக்கம் கிடைத்தது என்றால் மட்டும் பதில் சுருக்கமானது: அது ட்ரைலோபைட் அல்ல. அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, 15 கோடி ஆண்டுகளுக்கும் குறைவான வயது. ட்ரைலோபைட்டுகள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டன. வரி வரியாகச் சுருண்டிருந்தால் அம்மோனைட்டாக, அதாவது சுருள் ஓடுள்ள பழங்காலக் கடல் பிராணியாக இருக்கலாம். மேலிருந்தும் பக்கவாட்டிலும் இரண்டு படங்கள், அருகில் ஓர் அளவுகோல் வைத்து எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.