அலுமினிய ஷாக் அப்புறம், முதலில் எண்ணெய்

ரிமோட் கார் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1/10 அளவு டூ-வீல் டிரைவ் டிரக். சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலே பந்து மாதிரி துள்ளுகிறது, சில சமயம் குப்புற விழுகிறது. நீல நிற அலுமினிய ஷாக் (ஷாக் அப்சார்பர்) நாலு வாங்கி மாட்டினால் சரியாகுமா? கையில் காசு அதிகம் இல்லை. (கோவை வாசகர்)

பதில்: அப்படியானால் அந்தக் காசை இப்போதைக்குப் பத்திரமாக வையுங்கள். ஸ்பிரிங் வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அதைத் தின்று தீர்ப்பது, பிஸ்டனின் சின்னத் துளைகள் வழியே நெருக்கியடித்து வெளியேறும் எண்ணெய். ஷாக்கின் உடம்பு பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பது இதில் இரண்டாம் பட்சம். மலிவு அலுமினிய செட்டுகளில் பல எண்ணெயே இல்லாமல் வருகின்றன, ஸ்பிரிங்கும் முரட்டுத்தனமாக இருக்கும். கார் பளபளக்கும், துள்ளல் போகாது.

முதலில் ஒரு சோதனை. ஷாக்கைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாஃப்டை, அதாவது பிஸ்டனைத் தாங்கி உள்ளே போய் வரும் கம்பியை, விரலால் மெதுவாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். கடைசி வரை ஒரே சீராக எதிர்க்க வேண்டும். நடுவில் பொசுக்கென்று விட்டுக்கொடுத்தால் உள்ளே காற்று. எதிர்ப்பே இல்லையென்றால் எண்ணெய் காலி.

மூடியைத் திறந்து பழைய எண்ணெயைக் கொட்டித் துடையுங்கள். ஷாஃப்டை முழுக்கக் கீழே இழுத்துவிட்டு முக்கால்வாசி ஊற்றி, மெல்ல பத்து தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். பிஸ்டன் எண்ணெய் மட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்கவே கூடாது, பார்த்தால் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிஸ்டனை அடியில் விட்டு ஷாக்கை 10 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும். அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த 10 நிமிடத்தில்தான்.

பிறகு விளிம்பு வரை நிரப்பி, மூடிக்கு அடியில் உட்காரும் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்துப் படுக்க வையுங்கள். மிஞ்சியது வழிந்து போகட்டும். மூடியை எடுத்ததும் முறுக்காதீர்கள். முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஓர் இடத்தில் 'டிக்' என்று மரை விழும். அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக் மரை கடிபடாது. மூடியபின் ஷாஃப்ட் முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது வேகமாக வெளியே தள்ளுகிறது என்றால் எண்ணெய் அதிகம். மூடியை லேசாகத் தளர்த்தி ஷாஃப்டை அழுத்தினால் கொஞ்சம் கசியும், உடனே இறுக்குங்கள். அழுத்தி விட்டால் இடது, வலது ஷாக்குகளின் ஷாஃப்ட் ஒரே அளவு திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் குதித்து இறங்கும்போது கார் ஒரு பக்கமாகச் சாயும்.

டயாஃப்ரம் இல்லாத ஷாக் என்றால் விளிம்பு வரை ஊற்றக் கூடாது. உள்ளே வரும் ஷாஃப்டும் இடம் கேட்கும், அதற்குக் கொஞ்சம் காற்று வெளி விட்டே ஆக வேண்டும்.

இத்தனையும் செய்தபின் துள்ளல் மிச்சமிருந்தால் ஒரு படி கெட்டியான எண்ணெய் போடுங்கள். சரளையில் சக்கரம் தரையைப் பிடிக்காமல் தடதடவென்று தாவினால் ரொம்பக் கெட்டி, ஒரு படி இறங்குங்கள்.

கேள்வி: ஷாக் எண்ணெய்க்குப் பதில் பைக் ஃபோர்க் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ ஊற்றலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஃபோர்க் ஆயில் பெட்ரோலிய வகை, ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் சிலிக்கோன் வளையமான ஓ-ரிங்கை உப்ப வைக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் ஷாக் கட்டையாக நிற்கும்.

சுத்தமான சிலிக்கோன் எண்ணெய்தான் சரி. இரசாயனக் கடைகளில் அது எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் 'சென்டிஸ்டோக்' எண்ணோடு கிடைக்கும், 350 சாதாரணமாகக் கிடைக்கிற ரகம். டீம் அசோசியேட்டட் என்ற ரிமோட் கார் கம்பெனியின் பாட்டிலில் '30 வெயிட்' என்று இருப்பதும் இதே 350, அவர்களுடைய 40 வெயிட் என்பது 500. வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் சென்டிஸ்டோக்கைப் பார்த்து வாங்குங்கள். 350-ஐயும் 1000-ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 675 வராது, சுமார் 600-தான் வரும். 1/10 காருக்கு 350-இல் தொடங்கலாம். வெயிலில் எண்ணெய் இளகும் என்பதால் சித்திரை மதியத்துக்கு ஒரு படி கெட்டியாக வையுங்கள்.

கேள்வி: எண்ணெய் மாற்றிய இரண்டே நாளில் ஷாஃப்ட் வழியாக ஒழுகுகிறது. ஓ-ரிங் புதிது. (திருச்சி வாசகர்)

பதில்: ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள். ஒரு கோடு தட்டுப்பட்டால் அதுதான் காரணம். கீழ்முனையைத் திருகும்போது வெறும் கட்டிங் பிளேயரால் பிடித்திருப்பீர்கள், அந்தப் பல் தடம் ஓ-ரிங்கை அறுத்துக்கொண்டே இருக்கும். ஷாஃப்டை மாற்றுங்கள், அடுத்த முறை பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடியுங்கள். கோடு இல்லையென்றால் ஓ-ரிங்கை எண்ணெயில் நனைக்காமல் மாட்டினீர்களா என்று யோசியுங்கள். மேல் மூடி வழியாக ஒழுகினால் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப் ஒன்றரைச் சுற்று போதும்.

கேள்வி: டாமியா கம்பெனியின் கிராஸ்ஹாப்பர் கார் வைத்திருக்கிறேன். நாலு பக்கமும் ஆயில் ஷாக் போட வேண்டுமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: பின்னால் இரண்டு போதும். 1984-இல் வந்த இந்தக் காரின் பின் ஷாக் எண்ணெய் இல்லாத உராய்வு வகை. சீல் இல்லாததால் அதில் எண்ணெய் ஊற்றினால் நிற்காது. காசே செலவழிக்க மனமில்லையென்றால் உள்ளே கெட்டி கிரீஸ் தடவலாம், துள்ளல் ஓரளவு குறையும். அதே ஆண்டு வந்த ஹார்னெட் இதன் உறவுக்காரன், அதில் பின்னால் ஆயில் ஷாக். அந்த வகை இதற்கும் ஒத்துப்போகும். முன்பக்கம் வெறும் ஸ்பிரிங்தான், அதை மாற்ற வெட்டி ஒட்டும் வேலை அதிகம். அந்தப் பழைய வண்டிக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி: வேறு காரின் ஷாக்கை என் பக்கிக்கு மாட்டினேன். குதித்தால் பின் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டாக்போன் கழன்று விழுகிறது. (மதுரை வாசகர்)

பதில்: ஷாக் நீளம் அதிகம். காரைத் தூக்கினால் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் தேவைக்கு மேல் தொங்கும், டாக்போன் கப்பிலிருந்து நழுவும். வாங்குமுன் ஷாக்கை முழுக்க நீட்டி, மேல் துளை மையத்திலிருந்து கீழ்த் துளை மையம் வரை அளந்து, பழையதோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். பரவாயில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. திறந்து பிஸ்டனுக்குக் கீழே ஷாஃப்டில் 2 மி.மீ. பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்தால் ஷாக் 2 மி.மீ. குறைவாக நீளும். போதாவிட்டால் இன்னொன்று. பிறகு காரைக் கையில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள், டாக்போன் இரு முனையிலும் கப்புக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.