வார்டு அனுபவம் மார்க் ஆகுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆறு வருடமாக ஐ.சி.யூ. நர்ஸாக இருக்கிறேன். டாக்டருக்குப் படிக்க ஆசை. கல்லூரியில் படித்தபோது நைட் ஷிஃப்ட் வேலையும் பார்த்ததால் ஜி.பி.ஏ. (எல்லாப் பாடத்துக்குமான சராசரி) நாலுக்கு 2.7-இல் நின்றுவிட்டது. கெமிஸ்ட்ரியில் ஒரு 'டி' கிரேடு வேறு. இவ்வளவு அனுபவம் இருப்பவருக்கு மார்க்கைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நாலு மாதத்தில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி, இந்த வருடமே விண்ணப்பித்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சரியில்லை. கூட வேலை செய்பவர்களில் எத்தனை பேர் அட்மிஷன் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

உங்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு ஒரு உயிர் போவதைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போகத் தெரிந்தவர் நீங்கள். ஏதோ ஒரு மருத்துவமனையில் சில வாரம் தொண்டு செய்துவிட்டு வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. 'இவருக்கு ஆஸ்பத்திரி ஒத்துவருமா?' என்று யாராவது கேட்டால், உங்களுடையதுதான் முதல் தரமான பதில். ஆனால் உங்கள் ஃபைலைத் திறப்பவர் அதைக் கேட்கப்போவதில்லை. முதல் இரண்டு வருடம் மலைபோல் வந்து கொட்டும் பாடத்தை இவர் தாங்குவாரா, டாக்டர் உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ.யின் முதல் கட்டத் தேர்வில் தேறுவாரா என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு உங்கள் ஃபைலில் இப்போது இருக்கும் ஒரே பதில் 2.7. அதன் பக்கத்தில் இன்னும் ஆறு வருட வார்டு அனுபவத்தை வைத்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

எம்.டி. (அமெரிக்காவில் இதுதான் அடிப்படை டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கு வருடத்துக்கு 50,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. எம்கேட் 511, 512. சராசரிக்குக் கீழே இருப்பவர்களும் சேரத்தான் செய்கிறார்கள். ஆனால் 2.7 என்பது சராசரிக்குக் கொஞ்சம் கீழே இல்லை.

நாலைந்து பாடத்தை மறுபடி எடுத்தால் ஜி.பி.ஏ. ஏறிவிடாதா என்று கேட்பீர்கள். காகிதம் எடுங்கள். கிரெடிட் என்பது பாடத்தின் அளவு, 'ஏ' வாங்கினால் ஒரு கிரெடிட்டுக்கு நாலு புள்ளி. 120 கிரெடிட்டில் 2.7 என்றால் மொத்தம் 324 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் படித்து, அத்தனையிலும் 'ஏ' வாங்கினாலும் 444-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும்: 2.96. முழுதாக ஒரு வருடப் படிப்பு, ஒரு சறுக்கல் இல்லை, அப்படியும் 3-ஐத் தொடவில்லை. 60 கிரெடிட் என்றால் 3.13. மறுபடி எடுத்த பாடத்தின் பழைய மார்க்கும் அழியாது. எம்.டி. கல்லூரிகளுக்கான விண்ணப்பங்களை வாங்கும் ஆம்காஸ் அமைப்பு இரண்டையும் சேர்த்தே கூட்டும். டி.ஓ. (ஆஸ்டியோபதி வழி டாக்டர் பட்டம்) கல்லூரிகளின் விண்ணப்பத்தில் புது மார்க் பழையதை மாற்றும் என்ற சலுகை இருந்தது, 2017-இல் அதுவும் போய்விட்டது. இன்னும் அதை நம்பி யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள், உஷார். (டெக்சாஸ்வாசியாக இருந்தால் பத்து வருடத்துக்கு முந்தைய படிப்பை மொத்தமாக ஒதுக்கிவைக்கச் சொல்லும் வழி ஒன்று உண்டு. மொத்தமாக என்றால் 'டி' மட்டுமல்ல, கஷ்டப்பட்டு வாங்கிய 'ஏ'-க்களும், அந்தப் பட்டமும் சேர்த்துத்தான்.)

அப்புறம் எதற்குப் படிப்பது? மொத்த ஜி.பி.ஏ. பெரிதாக நகராது, ஆனால் கடைசி இரண்டு வருடம் தனியாகக் கண்ணில் படும். பழைய மார்க் ஒரு பக்கம், வரிசையாக 'ஏ' ஒரு பக்கம் என்றால், படிப்பவர் இப்போது வேறு ஆள் என்று கமிட்டிக்குப் புரியும். அந்த 'டி' வாங்கிய கெமிஸ்ட்ரியை எப்படியும் திரும்ப எடுத்தாக வேண்டும். நர்சிங் மாணவர்களுக்கென்று சுருக்கி நடத்தும் கெமிஸ்ட்ரியைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் ஏற்காது. அறிவியல் துறை மாணவர்களோடு உட்கார்ந்து லேபோடு படியுங்கள். ஆர்கானிக், ஃபிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி எல்லாம் அப்படித்தான். முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போதும். வீரம் காட்டி நாலு எடுத்து, அதில் ஒரு 'சி' வந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இதோடு மருத்துவப் படிப்புக்கு முன்னோட்டமாக நடத்தும் ஒரு வருட முதுகலைப் படிப்பைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அதன் மார்க் தனிக் கணக்கு, இளங்கலை ஜி.பி.ஏ.வைத் தொடாது. செலவும் அதிகம். அங்கேயும் தடுமாறினால் அப்புறம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. முதல் முயற்சியாக அதில் குதிக்காதீர்கள்.

ஓவர்டைமை நிறுத்துங்கள். முடிந்தால் நைட் ஷிஃப்டிலிருந்தும் மாறுங்கள். இதை நீங்கள் கேட்கவேயில்லை, ஆனால் என் பதிலில் முக்கியமான வரி இதுதான். உங்கள் மார்க் ஏன் குறைந்தது என்று உங்கள் கடிதமே சொல்கிறது: தூக்கமில்லாமல் படித்தீர்கள். அதே தூக்கமின்மையோடு நாலு மாதத்தில் எம்கேட்டுக்கும் தயாராவேன் என்கிறீர்களே, எப்படி?

அந்தப் பரீட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 472-இலிருந்து 528 வரை மதிப்பெண், நாலு பகுதி, இடைவேளையோடு ஏழரை மணி நேரம். வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்த கை அங்கே உதவாது. ஃபிசிக்ஸும் ஆர்கானிக்கும் கேட்பார்கள். ஒரு பகுதி முழுக்க, அறிமுகமில்லாத கட்டுரையைப் படித்து எழுதியவரின் வாதத்தைப் பிடிக்கச் சொல்வது. பல நர்ஸுகள் சறுக்குவது அங்கேதான் என்று பந்தயம் கட்டுவேன். வருடத்துக்கு மூன்று முறைதான் எழுதலாம், ஆயுளுக்கு ஏழு. மோசமாக வாங்கிய மதிப்பெண்ணும் கூடவே வரும். பாடங்களை முடியுங்கள், முழுநீள மாதிரித் தேர்வுகளில் 510-க்கு மேல் இரண்டு மூன்று முறை வரட்டும், அப்புறம் தேதி குறியுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு எல்லாம் கூடி வர இரண்டு வருடம், இரண்டரை வருடம் ஆகும்.

விண்ணப்பக் கட்டுரையில் நைட் ஷிஃப்ட் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் சாக்காகத் தெரியும். அந்த இடத்தை வேறொன்றுக்கு வையுங்கள்: நர்ஸ் வேலை ஏன் போதவில்லை? நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு முடித்த நர்ஸ்) ஆனால் உங்கள் ஆறு வருடமும் முழுதாகக் கணக்கில் வரும், மருந்தும் எழுதலாம். அது ஏன் வேண்டாம்? நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் கடிதத்தில் மார்க் இருக்கிறது, ஷிஃப்ட் இருக்கிறது, எம்கேட் இருக்கிறது, இது மட்டும் இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் அதட்டுவது பிடிக்கவில்லை என்பது காரணமாக இருந்தால் அதை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்.

எம்கேட்டுக்குப் பணம் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால் இந்த வாரமே தேதியைத் தள்ளிவையுங்கள். நாள் நெருங்க நெருங்க அதற்குப் பிடிக்கும் தொகையும் ஏறும்.