வாசகர் கேள்வி பதில்: மூணு வருஷத்துல விடுதலைன்னாங்களே?

கேள்வி: சார், கோலாலம்பூர் செந்தூல்ல மளிகைக்கடை வெச்சு நொடிச்சுப் போனவன் நான். 2019-லயே என்னை திவால்னு கோர்ட்ல சொல்லிட்டாங்களாம், ஒரு லெட்டர்கூட கைக்கு வரல. 2023-ல மக கல்யாணத்துக்கு சென்னைக்கு டிக்கெட் போடுறப்பதான் தெரிஞ்சது. சொத்து, கடன் விவரம் எழுதுற பாரம் (படிவம்) எல்லாம் அப்பதான் குடுத்தேன். மூணு வருஷத்துல திவால்லேர்ந்து தானா விடுதலைங்குறாங்க, அந்தக் கணக்கு எனக்கு எப்பலேர்ந்து? (பெயர் வேணாம்)

பதில்: ஐயா, லெட்டர் பழைய அட்ரஸுக்குப் போயிருக்கும். ஆள் கிடைக்கலைன்னா கோர்ட் அனுமதியோட பேப்பர்ல ஒரு விளம்பரம், அவ்வளவுதான், உங்க கையில குடுத்த மாதிரி ஆயிடும். அந்தப் பொடி எழுத்தை யாரு படிக்கிறா!

மூணு வருஷம்ங்குறது மலேசிய திவால் சட்டத்துல 2017 அக்டோபர் 6-ல அமலுக்கு வந்த திருத்தம். ஆனா கோர்ட் ஆர்டர் தேதியில எண்ணக்கூடாது, பென்யாத்தா ஹால் எஹ்வால், அதான் சொத்து கடன் எல்லாம் எழுதிக் குடுத்தீங்களே, அந்த பாரம் போன நாள்லேர்ந்துதான். 2019-லேர்ந்து 2023 வரைக்கும் போன வருஷம் எல்லாம் தண்டம். திவால் விவகாரம் பாக்குற இன்சால்வென்சி இலாகாவோட தலைமை இயக்குநர் போட்ட தொகையைக் கட்டி முடிச்சிருக்கணும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வரவு கணக்கும் காட்டணும், இதுல ஒண்ணு விட்டாலும் தானா விடுதலை கிடையாது.

எனக்கு எரிச்சல் இங்கதான். உங்க சொத்தைப் பிடிச்சு வெச்சிருக்குறவர், மாசம் எவ்வளவுன்னு முடிவு பண்றவர், நாட்டை விட்டு சென்னை போக அனுமதி குடுக்குறவர், சர்ட்டிபிகேட் குடுத்து திவால்லேர்ந்து விடுவிக்கிறதா வேணாமான்னு பாக்குறவர், எல்லாம் அந்த ஒரே இயக்குநர்தான். உங்களுக்கு நாள் கணக்கு, கடன் குடுத்தவன் ஆட்சேபம் சொல்லவும் 21 நாள்னு கணக்கு, ஆனா அந்த சர்ட்டிபிகேட்டுக்கு இத்தனை நாள்ல பதில் சொல்லணும்னு இயக்குநருக்கு மட்டும் கெடு இல்ல. அவர் முடிவு பிடிக்கலைன்னா ஹைகோர்ட்டுக்குப் போகலாம்தான், திவாலானவன் கையில வக்கீலுக்கு ஏது காசு? வேற யார் மேலயாவது கேஸ் போடணும்னாலும், உடம்புல அடிபட்டதுக்கு நஷ்டஈடு கேக்குறது தவிர, அவர் சம்மதம் வேணும். கம்பெனி திவாலானா அது 2016 கம்பெனி சட்டம், அங்க பெரும்பாலும் தனியார் லிக்விடேட்டர் (கம்பெனி சொத்தை வித்துக் கணக்கு முடிக்குறவர்), தனி ஆள், கம்பெனின்னு ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கண்காணிக்க ஒரு ஆளு இல்ல.

இப்போதைக்கு பாரம் குடுத்தப்ப சாப் (முத்திரை) அடிச்சுக் குடுத்த நகலைத் தேடி எடுங்க, அதுல இருக்குற தேதிதான் உங்க கணக்கு.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு, திவால்ல இருக்கார். ஏதாவது வழி உண்டா?

பதில்: 2023 திருத்தத்துல உண்டும்மா. 70 தாண்டினவரை விடுவிக்க கடன் குடுத்தவங்க ஆட்சேபிக்க முடியாது, ஆனா அவரால இனிமே கட்ட முடியாதுன்னு இயக்குநருக்குத் தோணணும். ஆஸ்பத்திரி கார்டு, பென்ஷன் சிலிப் எல்லாம் எடுத்துட்டுப் போங்க.